திருகாணி நிர்வாகியாகக் கிளம்பினாள்

என் மனைவிக்கு இணையத்தில் திருகாணி என்று பெயர். அவளாக வைத்துக்கொண்டது. வீட்டில் வேறு பெயர் உண்டு, ஆனால் நான்கு வருடமாக அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்க்கக் கொஞ்சம் நேரமாகிறது. திருகாணி என்றால் உடனே திரும்புகிறாள். வம்பு எதற்கு என்று நானும் திருகாணி என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டேன்.

பகலில் அவள் உதிரிபாகக் கடையில் வேலை பார்க்கிறாள். மிக்சி, மின்விசிறி, துணி துவைக்கும் மெஷின், வாட்டர் ஹீட்டர் என்று வீட்டில் மக்கர் பண்ணுகிற எல்லாவற்றுக்கும் அங்கே பாகம் கிடைக்கும். மேசைக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள், எழுநூறுக்கு மேல். எதிலும் பெயர் ஒட்டியிருக்காது. மெக்கானிக் வந்து உடைந்த துண்டை மேசையில் போட்டால், அவரோடு பேசிக்கொண்டே பின்பக்கம் கையை நீட்டிச் சரியான இழுப்பறையை இழுப்பாள். எது எங்கே இருக்கிறதென்று முதலாளிக்கே தெரியாது. அவள் லீவு போட்டால் அவரும் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். காலையில் ஒரு நடை, பிற்பகலில் ஒரு நடை. எனக்குக் கோபம் வந்தால் ஹார்ன் இருக்கிறது. அவளுக்கு மராமத்து மன்றம் இருக்கிறது.

மன்றம் என்றால் கட்டடம் எல்லாம் கிடையாது. இணையத்தில் ஒரு தளம். வீட்டில் எது பழுதானாலும் அங்கே போய்க் கேட்கலாம், தெரிந்தவர்கள் பதில் எழுதுவார்கள். கேட்பவருக்கும் புனைபெயர், சொல்பவருக்கும் புனைபெயர். காலையில் கடைக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு மணி நேரமும் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் திருகாணி அங்கேதான் குடியிருப்பாள். நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு படம் முழுசாகப் பார்த்து எத்தனை நாளாகிறதென்று யாரும் கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை.

போன வருடம் மன்றத்தின் ஐந்து நிர்வாகிகளில் இரண்டு பேர் விலகினார்கள். ஒருவருக்குக் குழந்தை பிறந்தது. இன்னொருவருக்குச் சண்டை விலக்கி விலக்கி அலுத்துவிட்டது. புது நிர்வாகி வேண்டும், விருப்பமுள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. ஆபத்தான பதில்களை நீக்குவது, அடித்துக்கொள்பவர்களைப் பிரித்து வைப்பது, விளம்பரம் போட வருகிறவர்களைத் துரத்துவது, இதுதான் வேலை.

"சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டேன்.

"சம்பளம் கிடையாதுங்க."

"ஒரு டீயாவது?"

"நம்ம வீட்டு டீதான்."

"அப்ப எதுக்கு இந்த வேலை? கடையில நிக்கிறது பத்தலையா?"

அவள் மடித்துக்கொண்டிருந்த துணியை வைத்துவிட்டு, "இருபது வருஷமா கேட்டதை எடுத்துக் குடுக்கிறதுதாங்க என் வேலை. எந்தப் பாகம் தப்புன்னு தெரிஞ்சாலும், கேட்டதைக் குடுன்னுதான் சொல்லுவாங்க. இது சரி, இது தப்புன்னு சொல்ற இடத்துல நானும் ஒரு நாள் உக்காரணும்" என்றாள்.

இத்தனை வருடத்தில் அவள் தனக்கென்று ஆசைப்பட்டு எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. மீதித் துணியை நான் மடித்து வைத்தேன்.

நிர்வாகியாவது அவ்வளவு சுலபமில்லை என்று பிறகுதான் தெரிந்தது. முதலில் ஏற்கெனவே நிர்வாகியாக இருக்கும் ஒருவர் துணையோடு இரண்டு மாதம் தயாராக வேண்டும். அப்புறம் விண்ணப்பத்தைப் பொதுவில் வைப்பார்கள். ஏழு நாள் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். முக்கால்வாசி ஓட்டு ஆதரவாக விழ வேண்டும். எனக்கு ஓட்டுப் போடுங்கள் என்று யாரிடமும் கேட்கக் கூடாது, கேட்டால் அன்றோடு சரி.

திருகாணிக்குத் துணையாக வந்த நிர்வாகியின் புனைபெயர் மேஸ்திரி. மீசை வைத்த ஆசாமி என்று நினைத்தேன். நர்ஸ் படிப்பு படிக்கும் பெண்ணாம், எங்கள் மகளைவிட இரண்டு வயது பெரியவள். அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே என் மனைவியை ஒரு வழி பண்ணினாள். முதல் வாரமே சொல்லிவிட்டாள்: "அக்கா, உங்களுக்குத் தெரியாத சாமான் இல்ல. ஆனா உங்க எழுத்து சுருக்குன்னு குத்துது. அதைச் சரி பண்ணணும்."

அதில் பொய் ஒன்றுமில்லை. திருகாணி வாயால் பேசும்போது மெதுவாகத்தான் பேசுவாள். எழுதினால் மட்டும் கத்தரித்து எழுதுவாள். கடையில் மெக்கானிக்குகளோடு பேசிப் பேசி வந்த பழக்கம் அது, அவர்களுக்கு அரை வார்த்தை போதும்.

ஒரு நாள் இரவு நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"என்னைத் திட்டுங்க" என்றாள்.

"என்னது?"

"நீங்க எழுதின பதிலை நான் நீக்கிட்டேன்னு வச்சுக்குங்க. அந்தக் கோபத்துல என்னைத் திட்டுங்க. நான் கோபப்படாம பதில் எழுதிப் பழகணும்."

இப்படி ஒரு வரம் கிடைக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். முதலில் பயந்து பயந்துதான் ஆரம்பித்தேன். நீ யார் என் பதிலை நீக்க, உனக்கு என்ன தெரியும் என்று சாதாரணமாகத்தான் போனது. அவள் தட்டினாள்: 'உங்கள் அக்கறைக்கு நன்றி. பதிலில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லாததால் நீக்கினேன். அந்த வரியைச் சேர்த்து மறுபடி எழுதுங்கள்.' எவ்வளவு மரியாதை! எனக்குச் சுதி ஏறிவிட்டது. பத்து நிமிடத்தில் என் மச்சான் கல்யாணப் பந்தியில் எனக்கு இலை போடாமல் விட்ட விஷயத்துக்குப் போய்விட்டேன்.

'பேசும் பொருளை விட்டு விலகிவிட்டீர்கள். இது முதல் எச்சரிக்கை' என்று எழுதிக் காட்டினாள்.

பக்கத்து அறையிலிருந்து மகள், "அப்பா, ரெண்டாவது எச்சரிக்கை வந்தா ஒரு வாரம் பேசக் கூடாது, பாத்துக்கோங்க" என்றாள்.

"ஒரு வாரமா? வீடு நிம்மதியா இருக்கும்" என்றாள் திருகாணி. இதற்கு மட்டும் எச்சரிக்கை கிடையாது போலிருக்கிறது.

தினமும் அரை மணி நேரம் திட்டினேன். நன்றாகவே திட்டினேன் என்று மேஸ்திரியே பாராட்டினாளாம். இரண்டு மாதம் முடியும் நேரத்தில் திருகாணியின் எழுத்து நிஜமாகவே தணிந்திருந்தது. கடைசியாக ஒரு வேலை பாக்கி. விண்ணப்பம் போடும் முன் தான் எழுதிய பழைய பதில்களை எல்லாம் ஒரு தடவை தானே படித்துப் பார்க்க வேண்டும். மன்றத்தில் அது வழக்கம். மற்றவர்கள் எப்படியும் தோண்டுவார்கள், அதற்கு முன் நீயே பார்த்துக்கொள் என்று அர்த்தம். நான்கு வருடத்தில் இரண்டாயிரத்து முந்நூறு பதில்கள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு படித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, "என்னங்க, இங்க கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டாள். அந்தக் குரலே சரியில்லை. போய்ப் பார்த்தால் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

மூன்று வருடத்துக்கு முந்தைய பதிவு. வாளி என்ற புனைபெயரில் ஒருவர், வாட்டர் ஹீட்டர் போட்ட கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடுகிறது என்று கேட்டிருந்தார். இவள் எழுதியிருந்தாள்: 'கட்-அவுட் போயிருக்கும். அதன் இரண்டு வயரையும் கழற்றி நேராகச் சேர்த்துப் பாருங்கள். தண்ணீர் சுட்டால் பழுது அதில்தான்.' நடுவில் ஏதோ மூன்று நாலு வரி. கடைசியில் வாளி எழுதியிருந்தார்: 'சேர்த்தேன். வெந்நீர் வருகிறது! கோடி நன்றி.'

"நல்லாத்தானே சொல்லியிருக்க? கோடி நன்றி சொல்லியிருக்காரு" என்றேன்.

"கட்-அவுட்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்" என்றேன். தெரியாது.

"சூடு அளவு மீறினா கரண்டைத் துண்டிக்கிற சின்ன வில்லை. அதைத் தாண்டி வயரைச் சேர்க்கிறது சும்மா ரெண்டு நிமிஷம் சோதிச்சுப் பாக்கத்தான். பாத்துட்டு உடனே பிரிச்சுடணும். புதுசு வாங்கிப் போடணும். அதை நான் எழுதவே இல்லைங்க."

"ஏன் எழுதல?"

"மெக்கானிக்குக்கு அதைச் சொல்லணுமா? எவனும் அதை அப்படியே விட்டுட்டுப் போக மாட்டான். நான் கடையில பேசுற மாதிரியே எழுதிட்டேன். இவர் மெக்கானிக் இல்லையே. வெந்நீர் வந்துடுச்சுன்னு மூடியைப் போட்டு மூடியிருப்பார்."

"மூடினா என்ன?"

"உள்ள இருக்கிற இன்னொரு கட்டுப்பாடும் ஒரு நாள் பழுதாச்சுன்னா, சூட்டை நிறுத்த எதுவுமே இல்ல. தொட்டி வெடிச்சுடும்."

வாளியின் பக்கத்தைத் திறந்து காட்டினாள். அந்த நன்றிதான் அவர் எழுதிய கடைசி வரி. அதற்கப்புறம் மூன்று வருடம் அந்த மனிதர் மன்றத்துப் பக்கமே வரவில்லை.

நான் நல்லவன்தான், ஆனால் முதலில் என் வாயில் வந்தது நல்ல வார்த்தை இல்லை. "பேசாம அந்தப் பதிலை அழிச்சுடு" என்றேன். "யாருக்குத் தெரியப் போகுது? அடுத்த வாரம் ஓட்டு. முடிஞ்சா ரெண்டு வாரத்துல நீ நிர்வாகி. நிர்வாகிக்குத்தான் எல்லாரோட மின்னஞ்சல் முகவரியும் தெரியும்னு சொன்னியே. அப்புறம் நீயே அவரைத் தேடிக் கண்டுபிடிச்சுக்கோ."

"அந்த ரெண்டு வாரமும் அந்த ஹீட்டர் ஓடட்டுமா?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரிக்கு எழுத ஆரம்பித்துவிட்டாள். மேஸ்திரி முகவரியைத் தர முடியாது என்றாள், விதி அப்படி. ஆனால் தானே அந்த நொடியே வாளிக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். ஹீட்டரை அணையுங்கள், பிறகு பேசலாம் என்று. திருகாணி அத்தோடு விடவில்லை. மன்றத்தின் முகப்பில், 'என் பதில் ஒன்று ஆபத்தானது' என்று தலைப்பு வைத்து நடந்ததை அப்படியே எழுதினாள். வாளியைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அந்தப் பதிலைப் படித்து வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் உடனே பிரியுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். மறு வாரம் விண்ணப்பம் போட்டபோதும் முதல் பத்தியில் இதையே எழுதினாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாளே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அன்றைக்குச் சாலையில் எனக்கு முன்னால் போனவர்கள் பாவம்.

ஓட்டு தொடங்கியது. முதல் நாள் பன்னிரண்டு ஆதரவு. இரண்டாம் நாள் கறார் என்பவர் வந்தார். மன்றத்தின் மிகப் பழைய உறுப்பினர், பேருக்கேற்ற மனுஷன். 'ஹீட்டரில் இப்படித் தவறியவர் மற்றவர்கள் பதிலில் சரி தப்பு பார்ப்பதை நான் ஏற்க மாட்டேன். எதிர்ப்பு' என்று எழுதினார். அவருக்குப் பின்னால் வரிசையாக நாலு எதிர்ப்பு.

"யாருய்யா அந்த ஆளு? ரெண்டு மாசம் பயிற்சி எடுத்திருக்கேன், ஒரே ஒரு பதிவு எழுத விடு" என்றேன்.

அவள் என் கையிலிருந்து போனை வாங்கி வைத்துக்கொண்டாள். "அவர் சொல்றதுல தப்பே இல்லைங்க. நீங்க மன்றத்துல சேந்தா முதல் தடை உங்களுக்குத்தான்."

ஓட்டுக் கணக்கை நானும் மகளும்தான் பார்த்தோம். அவள் பார்க்கவில்லை. வாளியிடமிருந்து பதில் வந்ததா என்று மட்டும் காலையும் மாலையும் மேஸ்திரியைக் கேட்டாள். வரவில்லை. கடையில் முதல் முறையாகத் தவறான இழுப்பறையை இழுத்தாளாம், முதலாளி பதறிப்போய் எனக்கு போன் பண்ணினார். கட்-அவுட் வாங்க வருகிற மெக்கானிக்கையெல்லாம் நிறுத்தி, எந்த வீட்டுக்கு, யார் வீட்டுக்கு, எத்தனை வருடப் பழசு என்று விசாரித்தாள். "என்னக்கா, போலீஸ் வேலைக்குப் போகப் போறீங்களா?" என்று ஒருவர் கேட்டுவிட்டுப் போனார். வீட்டில் சாப்பாட்டுத் தட்டைப் பிசைந்துகொண்டே இருப்பாள். எனக்கு அந்தப் பதவியே வேண்டாம், அந்த ஆள் உயிரோடிருந்தால் போதும் என்றாகிவிட்டது.

ஆறாம் நாள் சனிக்கிழமை மாலை. நான் பேருந்தைக் கழுவிவிட்டு வந்து காலை நீட்டியிருந்தேன். அவளுடைய போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மகள்தான் போனை வாங்கி வாய்விட்டுப் படித்தாள். மேஸ்திரி மூலமாக வாளி எழுதியிருந்தார்.

'மேஸ்திரியின் மடல் குப்பை மடல்களோடு கிடந்தது. இன்றுதான் பார்த்தேன். நான் நலமாக இருக்கிறேன். அந்த ஹீட்டர்தான் இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே நாலு நிறத்தில் வயர் இருந்தது. எது கட்-அவுட் என்று தெரியவில்லை. உங்களைக் கேட்டேன். மேலே தெளிவாக எழுதியிருக்கிறேன், படியுங்கள் என்றீர்கள். இன்னொரு தடவை கேட்டேன். அதையேதான் சொன்னீர்கள். மூன்றாம் தடவை கேட்கப் பயமாக இருந்தது. சேர்த்தேன், வெந்நீர் வருகிறது என்று எழுதிவிட்டு மூடியை மூடிவிட்டேன். ஒரு வாரம் கழித்துப் புது ஹீட்டர் வாங்கினோம். பொய் சொன்ன இடத்துக்குத் திரும்ப வர எனக்கு முகமில்லை. என்னால் உங்களுக்கு இத்தனை கஷ்டம் என்று இப்போதுதான் படித்தேன். மன்னித்துவிடுங்கள். கட்-அவுட் எது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.'

திருகாணி முதலில் அழுதாள். "உயிரோட இருக்காருங்க, உயிரோட இருக்காரு" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு சிரித்தாள். "வெந்நீர் வருதுன்னு அளந்து விட்டிருக்காரே பாவி மனுஷன்!" நாங்கள் மூவரும் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, அதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் பழைய பதிவைத் திறந்து, அன்று நாங்கள் தாண்டிப் போன அந்த நடு வரிகளைப் படித்தாள். 'மேலே தெளிவாக எழுதியிருக்கிறேன், படியுங்கள்.' இரண்டு தடவையும் அதே வரி.

"என்னைப் பாத்துப் பயந்துட்டாருங்க. ரெண்டு நிமிஷம்னு எழுதாம விட்டேனே, அதைவிட இது பெரிய தப்பு" என்றாள். பிறகு திடீரென்று என் பக்கம் திரும்பினாள். "நீங்களும் புரியாமலே புரிஞ்சுதுன்னு தலையாட்டுவீங்களா?"

"சேச்சே! எப்பவாவது."

"எப்பவாவதுன்னா?"

"அப்பா, வேண்டாம்" என்றாள் மகள். நான் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டேன்.

வாளி மன்றத்திலும் வந்து நடந்ததை எழுதி, கையோடு ஆதரவு ஓட்டும் போட்டார். குறைந்தது இருபது பதிவாவது எழுதியவர்களுக்குத்தான் ஓட்டு என்பது விதி. கறார் வந்து அந்த விதியைக் காட்டி, அந்த ஓட்டைக் கணக்கிலிருந்து எடுக்கவைத்தார். ஏழாம் நாள் முடிந்து கூட்டிப் பார்த்தால் நூற்றுக்கு எழுபத்தாறு. மயிரிழையில் தேறினாள். கறார் கடைசி வரை ஓட்டை மாற்றவில்லை. 'என் கருத்து அப்படியே இருக்கிறது. பொறுப்பாகச் செய்யுங்கள். வாழ்த்து' என்று எழுதினார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போய்விட்டது.

நிர்வாகியான முதல் நாள் இவள் எத்தனை பதிலை நீக்கப் போகிறாளோ என்று பார்த்தால், ஒன்றைக்கூடத் தொடவில்லை. மற்ற நிர்வாகிகளைக் கேட்டுக்கொண்டு முகப்பில் ஒரு அறிவிப்பு வைத்தாள். 'எங்கள் பதில் புரியவில்லை என்றால் அதன் கீழே புரியவில்லை என்று ஒரு வார்த்தை மட்டும் எழுதுங்கள். பழைய பதிலாக இருந்தாலும் எழுதுங்கள். காரணம் சொல்ல வேண்டாம்.'

மாலைக்குள் முப்பத்து நாலு பேர் எழுதியிருந்தார்கள். அதில் பத்தொன்பது இவளுடைய பதில்களின் கீழே. முகம் வாடிவிடப் போகிறதே என்று நான் தேநீரோடு போய் நின்றேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவ்வளவு சந்தோஷமாக உட்கார்ந்திருந்தாள். "பத்தொம்பது பேருங்க! இத்தனை நாளா சொல்லாமலே இருந்திருக்காங்க, பாவம்" என்றாள்.

முதலில் இருந்தது துணி துவைக்கும் மெஷினில் தண்ணீர் வடியாதது பற்றிய பதில். புதிதாக ஒரு பக்கத்துக்கு எழுதினாள். அனுப்பும் முன் என்னை உட்காரவைத்து முழுசாகப் படித்துக் காட்டினாள்.

"புரியுதா?" என்றாள்.

தலையாட்டப் போனேன். கழுத்து பாதி வழியில் நின்றுவிட்டது.

"புரியல" என்றேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் நான் அவளிடம் அப்படிச் சொல்வது அதுதான் முதல் தடவை.

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு மறுபடி முதல் வரிக்குப் போய், "எந்த வரியிலேருந்து புரியல?" என்று கேட்டாள்.